சபூரா: ஒரு பெயரும் அதன் வரலாறும்



இதை எழுதும் எளியேன் ஆலிம் அல்லன். மத்ரஸாவில் ஓதியதும், தொடக்கப் பள்ளிக்கூடத்தில் படித்ததும், பிறகு கடைக் கல்லாவில் உட்கார்ந்து கற்றதுமே என் கல்வி. ஆயினும் சென்ற வருஷம் என் வீட்டில் நடந்த ஒரு விஷயம் என்னை ஒரு பெயரைப் பற்றித் தேடிப் படிக்கச் செய்தது. படித்ததை நம் சகோதரர்களிடமும் சொல்லிவைத்தால் சிலருக்கேனும் பயன்படும் என்று எண்ணி எழுத முன்வந்தேன். பிழை இருப்பின் கற்றறிந்த பெரியோர் திருத்துவார்களாக.

அல்லாஹுத்தஆலா சென்ற வருஷம் எனக்கு நாலாவதாக ஒரு பெண் குழந்தையை அருளினான். மர்ஹூமாகிவிட்ட என் தாயாரின் பெயரை அதற்கு இட வேண்டுமென்பது என் நீண்ட நாள் ஆசை. அவர்கள் பெயர் சபூரா. நம் ஊர்ப் பக்கத்தில் பாட்டிமார் காலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்ட பெயர். இப்போது பினாங்கில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் என் மூத்த மகள், "வாப்பா, இந்தப் பெயரில் என் வகுப்பில் ஒருவருமே இல்லை. இதற்கு என்ன பொருள்?" என்று கேட்டாள். "பொறுமையுள்ளவள் என்று பொருள்" எனத் தயங்காமல் சொன்னேன். என் வாப்பா அப்படித்தான் சொல்லுவார்கள். ஏழாம் நாள் அகீகா விருந்துக்கு வந்தவர்களிடமும் அதையே சொன்னேன்.

விருந்தில் எனக்குச் சிறுவயதில் ஓதிக்கொடுத்த முதிய ஹளரத் ஒருவர் அமர்ந்திருந்தார். சபையில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் கை கழுவி எழுந்த பிறகு என்னைத் தனியே அழைத்து, சட்டைப் பையிலிருந்த ஒரு ரசீதின் பின்புறத்தில் அரபி எழுத்தில் இரண்டு சொற்களை எழுதிக் காட்டினார். "தம்பி, உங்கள் உம்மாவின் பெயர் இதுவா, அதுவா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பெற்ற தாயின் பெயர் இன்ன எழுத்தில் எழுதப்படுவது என்று கூட அறியாத மகனாக இருந்திருக்கிறேனே என்று தலைகுனிந்தேன்.

இரண்டு சொல், ஒரே எழுத்து

ஹளரத் எழுதிய இரண்டு சொற்களும் 'ஸாத்' என்னும் எழுத்தில் தொடங்குபவை. முதலாவதில் இரண்டாம் எழுத்து 'பே'. அதை 'ஸபூரா' என்று படிக்க வேண்டும். அது 'ஸப்ரு' என்னும் பொறுமையிலிருந்து பிறந்தது. அல்லாஹ்வின் தொண்ணூற்றொன்பது திருநாமங்களில் கடைசியாக நாம் ஓதும் 'ஸபூர்' என்பதும் இதே வேரினது. இலக்கணப்படி 'ஸபூர்' என்பதே ஆண் பெண் இருபாலுக்கும் பொதுவான சொல் என்றும், பெயராக வழங்கும்போது 'ஸபூரா' என்றாயிற்று என்றும் ஹளரத் விளக்கினார்.

மற்றதில் இரண்டாம் எழுத்து 'ஃபே'. அதை 'ஸஃபூரா' என்று படிக்க வேண்டும். அது வேறு பெயர், வேறு பொருள், வேறு வரலாறு. தமிழிலோ இரண்டையும் 'சபூரா' என்றே எழுதுகிறோம். வாயாலும் அப்படியே சொல்லுகிறோம்.

நம் தமிழ் எழுத்தில் குறையொன்றும் இல்லை. அரபியின் ஓசைகளுக்காக அது அமைக்கப்படவில்லை, அவ்வளவே. வியாபாரிகளாகிய நமக்கு இது நன்கு தெரிந்த சங்கதி. 'சபர்' என்று ஒரு சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். பொறுமையும் சபர், பிரயாணமும் சபர், முஹர்ரத்திற்கு அடுத்து வரும் மாதமும் சபர். கடல் கடந்து பிழைக்க வந்தவனை ஊரில் 'சபராளி' என்கிறார்களே, அவன் பிரயாணத்தால் சபராளியா, பொறுமையால் சபராளியா என்று கேட்டால், இரண்டும் பொருந்தும் என்றுதான் நம்மில் பலர் சொல்வார்கள். ஆனால் அரபியில் இம்மூன்றும் வெவ்வேறு.

சில இடங்களில் இந்த வேறுபாடு விளையாட்டாகப் போகக்கூடியதன்று. 'ஆசியா' என்னும் பெயரைப் பாருங்கள். பிர்அவ்னின் மனைவியாக இருந்தும் ஈமான் கொண்டு, குழந்தை மூஸாவை எடுத்து வளர்த்த மாதரசியின் பெயர் ஆசியா. அது 'அலிஃப்', 'ஸீன்' எழுத்துக்களால் ஆனது; துயரம் ஆற்றுபவள் என்னும் நல்ல பொருள் கொண்டது. கீழக்கரையில் ஞானப் பாடல்கள் இயற்றிய செய்யிது ஆசியா உம்மா தாங்கியிருந்த பெயரும் இதுவே. ஆனால் 'ஐன்', 'ஸாத்' எழுத்துக்களால் எழுதப்படும் இன்னொரு ஆசியாவும் உண்டு. அதற்கு மாறு செய்பவள் என்று பொருள். ஹளரத் உமர் (ரலி) அவர்களின் மகளுக்கு இந்த இரண்டாவது பெயர் இருந்ததாகவும், அதை நாயகம் (ஸல்) அவர்கள் 'ஜமீலா' என்று மாற்றி வைத்ததாகவும் ஸஹீஹ் முஸ்லிமில் காணப்படுகிறது. தமிழில் எழுதினால் மாற்றப்பட்ட பெயரும் மதிக்கப்பட்ட பெயரும் ஒன்றாகவே தோன்றுகின்றன!

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். அதனால்தான் அரபுத் தமிழ் என்னும் எழுத்து முறையை உண்டாக்கினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் இட்டுப் புதிய எழுத்துக்களை அமைத்து, தமிழையே அரபி எழுத்தில் எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் அதில் கிதாபுகள் எழுதினார்கள். தமிழ் எழுத்து அறியாத நம் வீட்டுப் பெண்கள்கூட அந்த எழுத்தில் மார்க்கம் படித்தார்கள். அதில் எழுதிய பெயரில் ஸாத் எது, ஸீன் எது, ஃபே எது என்ற சந்தேகத்துக்கு இடமில்லை.

எனக்கு வழி காட்டியதும் அந்த எழுத்தே. என் தாயாரைப் பெற்ற பாட்டனார் ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து பிழைத்தவர்கள். அவர்கள் விட்டுச்சென்ற டிரங்குப் பெட்டி ஒன்று கடை மாடியில் கிடந்தது. அதில் பழைய அரபுத் தமிழ்க் கிதாபு ஒன்றின் கடைசிப் பக்கத்தில், அக்கால வழக்கப்படி, தம் மக்களின் பிறப்பை வரிசையாகக் குறித்து வைத்திருந்தார்கள். மூன்றாவது வரியில் என் தாயார். எழுத்துக் கூட்டிப் படித்தேன்: ஸாத், ஃபே, வாவ், ரே, அலிஃப். ஸஃபூரா! பொறுமை என்று நாங்கள் இத்தனை காலமும் சொல்லிவந்தது தவறு.

பெயரின் பொருள்

ஸஃபூரா என்பது மூஸா நபி (அலை) அவர்களின் மனைவியாருக்கு நம் விரிவுரையாளர்களும் வரலாற்றாசிரியர்களும் சொல்லும் பெயர். இது மூலத்தில் ஹீப்ரு மொழிப் பெயர். அம்மொழியில் 'ஸிப்போர்' என்றால் பறவை, பெண்பாலில் 'ஸிப்போரா'. கிறிஸ்தவ சகோதரர்களின் தமிழ் பைபிளில் இவ்வம்மையாரே 'சிப்போராள்' என்று குறிக்கப்படுகிறார். அரபியில் சிட்டுக்குருவிக்கு 'உஸ்ஃபூர்' என்று பெயர். ஹீப்ருவும் அரபியும் ஒரு தாய் மக்கள் போன்ற மொழிகளாதலால் இவ்விரு சொற்களும் உறவுடையன என்று மொழியறிஞர் கூறுவர். ஆகவே ஸஃபூரா என்றால் பறவை, சிறு குருவி என்று கொள்ளலாம்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இப்பெயர் திருக்குர்ஆனில் இல்லை. திருமறையில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட பெண் ஒரே ஒருவர்தாம். அவர் ஈஸா நபியின் தாயார் மர்யம் (அலை). மற்றப் பெண்மணிகள் எல்லோரும் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே குறிக்கப்படுகிறார்கள். நாம் நம் பெண்மக்களுக்கு வைக்கும் ஹாஜரா, ஆசியா என்னும் பெயர்கள் ஹதீஸ்களின் வாயிலாக வந்தவை. சுலைகா, பல்கீஸ், ஸஃபூரா ஆகியவை தப்ஸீர்களின் வாயிலாகவும் வரலாற்று நூல்களின் வாயிலாகவும் வந்தவை. இமாம் தபரீ அவர்களின் வரலாற்று நூலில் ஸஃபூரா என்ற பெயர் காணப்படுகிறது. சகோதரியின் பெயரை லய்யா என்றும் ஷர்ஃபா என்றும் பலவாறு சொல்லுகிறார்கள். ஆகவே பெயரை வேதவாக்காகக் கொள்ளாமல், முன்னோர் வழிவந்த செய்தியாகக் கொள்வதே முறை. ஆனால் அப்பெயருக்குரிய பெண்ணின் செயல் திருமறையிலேயே இருக்கிறது. இருபத்தெட்டாம் அத்தியாயமாகிய சூரத்துல் கஸஸில் 23ஆம் வசனம் முதல் 28ஆம் வசனம் வரை அதைக் காணலாம். அல்லாஹ் அவருடைய பெயரை விட்டுவிட்டான். செயலையும் சொல்லையும் கியாமத் நாள் வரை நிலைக்க வைத்தான். இதிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

மத்யனின் கிணற்றடியில்

மிஸ்ரு தேசத்தில் தம் கையால் எதிர்பாராமல் ஒருவன் இறந்துபோகவே, மூஸா (அலை) உயிருக்கு அஞ்சி ஊரை விட்டு வெளியேறினார்கள். துணையில்லை, கட்டுச் சோறில்லை. வழியில் இலை தழைகளைத் தின்று நடந்ததாக விரிவுரைகள் கூறுகின்றன. இறுதியில் மத்யன் வந்து சேர்ந்தார்கள். மத்யன் என்பது அரபு நாட்டின் வடமேற்கே, அகபா வளைகுடாவின் பக்கத்திலுள்ள பகுதி. இன்றைய சவூதி நாட்டில் தபூக் மாகாணத்தைச் சேர்ந்த அல்-பத்உ என்னும் ஊரின் அருகே, குன்றுகளில் குடைந்த பழைய குகைகளுக்கு 'மகாயிர் ஷுஐப்' என்று பெயர். இப்போதுள்ள குகைகள் பிற்காலத்து நபதீயர் குடைந்த கல்லறைகள் என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்னாலும், மத்யன் என்னும் நினைவை அவ்வூர் இன்றும் தாங்கி நிற்கிறது.

மத்யன் நம் போன்ற வியாபாரிகளின் ஊர். அவ்வூராருக்கு ஷுஐபு நபி (அலை) செய்த முக்கியமான உபதேசம், அளவையிலும் நிறுவையிலும் குறைக்காதீர்கள், மக்களுக்குரிய பொருளைக் குறைத்துக் கொடுக்காதீர்கள் என்பதே. தராசு பிடிக்கும் நம்மில் எவரும் அந்த வரலாற்றை மறக்கலாகாது.

மூஸா (அலை) அங்குள்ள நீர்நிலைக்கு வந்தபோது ஆண்கள் கூட்டமாக நின்று கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களை விசாரித்தபோது, இடையர்கள் போகும்வரை தாங்கள் நீர் காட்டுவதில்லை என்றும், தங்கள் தகப்பனார் வயது முதிர்ந்தவர் என்றும் சொன்னார்கள். பசியோடிருந்த அம்மனிதர் அவர்களுடைய ஆடுகளுக்கு நீர் இறைத்துக் காட்டிவிட்டு, கூலி கேளாமல் ஒரு நிழலில் போய் அமர்ந்து, இறைவா, நீ எனக்கு அனுப்பும் எந்த நன்மைக்கும் நான் தேவையுடையவன் என்ற கருத்தில் துஆச் செய்தார்கள்.

சற்று நேரத்தில் அவ்விருவரில் ஒருத்தி நாணத்தோடு நடந்து வந்தாள். நீர் எங்களுக்குத் தண்ணீர் இறைத்ததற்குரிய கூலியைக் கொடுக்க எங்கள் தகப்பனார் உம்மை அழைக்கிறார் என்றாள். கேளாத கூலியைக் கூப்பிட்டுக் கொடுக்கும் வீடு அது! அங்குச் சென்று தம் கதையை மூஸா (அலை) சொன்னபோது, அப்பெரியவர் அஞ்ச வேண்டாம் என்று ஆறுதல் கூறினார்.

அப்பெரியவர் ஷுஐபு நபியே என்பது நம்மிடையே பிரபலமான அபிப்பிராயம். ஆனால் ஷுஐபு நபியின் காலம் மூஸா நபிக்கு மிகவும் முந்தியது என்ற காரணத்தால் அறிஞர் சிலர் அதை ஏற்கவில்லை. இமாம் இப்னு கஸீர் இந்தக் கருத்து வேறுபாட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். பைபிள் அவரை மீதியானின் ஆசாரியர் என்றும், அவருக்குப் பெண்மக்கள் ஏழு பேர் என்றும் சொல்லுகிறது. திருமறை சொல்லுவது இரண்டு பெண்களையும் ஒரு முதியவரையுமே. நமக்கு அது போதும்.

ஸஃபூரா சொன்ன ஒரே வாக்கியம்

அதன் பிறகு அவ்விருவரில் ஒருத்தி தகப்பனாரிடம் ஒரு யோசனை சொன்னாள். இவரே பின்னால் மூஸா (அலை) அவர்களின் மனைவியானவர் என்று விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். யோசனையின் கருத்து இது: தந்தையே, இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள்; கூலிக்கு அமர்த்துபவர்களில் சிறந்தவர் வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே.

'கவீ', 'அமீன்' என்னும் இரண்டு சொற்கள். செய்யும் வேலைக்கு வேண்டிய திறன் ஒன்று. கையும் கண்ணும் சுத்தமாயிருப்பது மற்றொன்று. திறன் இருந்து நாணயம் இல்லாதவன் கல்லாவைக் காலி செய்வான். நாணயம் இருந்து திறன் இல்லாதவன் சரக்கைக் கெடுப்பான். இரண்டும் சேர்ந்தவனைத் தேடு என்று ஆடு மேய்த்த ஒரு பெண் சொல்லிவிட்டாள். நாற்பது வருஷம் கடை நடத்தியவர் சொல்லக்கூடியதும் இதற்கு மேல் என்ன?

இந்தப் பெண் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதற்கும் விரிவுரைகளில் செய்தி உண்டு. அவருடைய வலிமையும் நம்பிக்கையும் உனக்கெப்படித் தெரியும் என்று தகப்பனார் கேட்டாராம். பத்துப் பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கிணற்றுக் கல்லை அவர் தனியாகத் தூக்கியதைப் பார்த்தேன் என்றாளாம். வீட்டுக்கு அழைத்து வந்தபோது, நீ என் பின்னால் வா, வழி தப்பினால் ஒரு கல்லை எறிந்து திசையைக் காட்டு என்று சொல்லி, தன் பார்வையைக் காத்துக்கொண்டதையும் பார்த்தேன் என்றாளாம். ஆளின் பேச்சையோ குலத்தையோ அவள் எடை போடவில்லை. நடத்தையையே எடை போட்டாள்.

ஹளரத் இப்னு மஸ்ஊது (ரலி) அவர்கள், மனிதரை அறிவதில் மிக்க கூர்மையுடையோர் மூவர் என்று கூறியதாக ஒரு செய்தி உண்டு. சிறுவராயிருந்த யூசுப் நபியை அடையாளம் கண்ட மிஸ்ரின் அஸீஸ் ஒருவர். தமக்குப் பின் ஹளரத் உமரைத் தேர்ந்த ஹளரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) ஒருவர். மற்றவர் இந்தப் பெண்மணி. எத்தகைய வரிசையில் இவர் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது பாருங்கள்!

எட்டா, பத்தா?

பெரியவர் அந்த யோசனையை ஏற்றுக்கொண்டார். தம் பெண்மக்களில் ஒருத்தியை மணமுடித்துத் தருவதாகவும், அதற்கு எட்டு வருஷம் தம்மிடம் வேலை செய்ய வேண்டுமென்றும், பத்தாக நிறைவு செய்தால் அது மூஸாவின் விருப்பமென்றும், தாம் சிரமம் கொடுக்க விரும்பவில்லையென்றும் சொன்னார். மூஸா (அலை) அதை ஒப்புக்கொண்டு, இரண்டு தவணையில் எதை முடித்தாலும் தம்மீது குற்றமில்லை என்பதையும் சொல்லி, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். காலம், கூலி, விருப்பம், கட்டாயம், சாட்சி யாவும் முதல் நாளிலேயே தெளிவாகிவிட்டன. எந்தத் தவணையை நிறைவேற்றினார்கள் என்று கேட்கப்பட்டபோது, இரண்டில் அதிகமானதையே என்று ஹளரத் இப்னு அப்பாஸ் (ரலி) பதிலளித்ததாக ஸஹீஹ் புகாரியில் இருக்கிறது. ஆகப் பத்து வருஷம்.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கு முன், நான் கடைப் பொறுப்பை ஏற்ற புதிதில், ஊரிலிருந்து ஒரு பையன் வேலைக்கு வந்தான். வலிமையும் நம்பிக்கையும் உள்ள பையன். விடியற்காலையில் கடை திறப்பான். இரவில் ஒரு காசு பிசகாமல் கணக்குக் கொடுப்பான். அவனிடம் நான், "நம் வீட்டுப் பிள்ளை மாதிரி இரு; சம்பளத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். தவணையும் பேசவில்லை, தொகையும் பேசவில்லை. இரண்டரை வருஷம் கழித்துத் தங்கையின் கல்யாணத்துக்கு ஊர் போகப் புறப்பட்டான். அவன் மனத்தில் ஒரு தொகை இருந்தது. என் கை வேறொரு தொகையைக் கொடுத்தது. அவன் எண்ணிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை, ஸலாம் சொல்லிப் போனான். திரும்பி வரவில்லை. கல்யாணத்தைக் கடன் வாங்கி முடித்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் பொய் சொல்லவில்லை, திருடவில்லை என்று இத்தனை காலமும் மனத்தைச் சமாதானப்படுத்தி வந்தேன். ஆனால் 'வீட்டுப் பிள்ளை' என்ற அன்பான சொல்லை நான் தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய புளியைப் போலப் பயன்படுத்தினேன் என்பது ஸஃபூராவின் வரலாற்றைப் படித்தபோதுதான் விளங்கிற்று. மத்யன்வாசிகளின் குற்றம் வேறு, என் குற்றம் வேறு அல்ல.

அவன் விலாசத்தை விசாரித்து, அக்காலத்துச் சம்பளக் கணக்கைப் போட்டு, குறைந்ததற்கு மேலும் சேர்த்து அனுப்பி, மன்னிப்பும் கேட்டேன். பெற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பினான். குழந்தை பிறந்ததைக் கேள்விப்பட்டதாகவும் துஆச் செய்வதாகவும் சொல்லி, "பெயர் என்ன, முதலாளி?" என்று கேட்டிருந்தான்.

தூர் மலையின் அடிவாரத்தில்

தவணை முடிந்தபின் மூஸா (அலை) தம் குடும்பத்தாருடன் புறப்பட்டார்கள். வழியில் தூர் மலையின் பக்கமாக ஒரு நெருப்பைக் கண்டு, வீட்டாரை அங்கேயே இருக்கச் சொல்லி, செய்தியோ குளிர்காயக் கொள்ளியோ கொண்டுவருவதாகச் சொல்லிச் சென்றார்கள். அங்கேதான் அவர்களுக்கு நுபுவ்வத்து அருளப்பட்டது. அந்தக் குளிர் இரவில் வழியில் காத்திருந்த குடும்பம் இந்த ஸஃபூராவே. கணவர் நெருப்புக் கொண்டுவரப் போனார், நபியாகத் திரும்பினார்.

அதன் பிறகு அவரைப் பற்றித் திருமறை ஒன்றும் கூறவில்லை. ஆயினும் ஜனங்கள் அவரை மறக்கவில்லை. 1047இல் பலஸ்தீன் வழியாகச் சென்ற பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ, ஹித்தீன் அருகில் ஷுஐபு நபியின் அடக்கத்தலமென்று சொல்லப்படும் இடத்தில், மூஸா நபியின் மனைவியாராகிய அவர் மகளின் அடக்கத்தலமும் இருந்ததை எழுதி வைத்திருக்கிறார்.

பெயர் வைப்போருக்குச் சில வார்த்தைகள்

மறுமையில் நாம் நம் பெயராலும் தந்தையர் பெயராலும் அழைக்கப்படுவோம், ஆகவே பெயர்களை அழகாக்கிக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. மறுமை ஒருபுறமிருக்க, இம்மையிலும் பெயரில் கவனமில்லாவிட்டால் எவ்வளவு தொல்லை என்பதை நான் அனுபவித்தேன். என் தாயாரின் அடையாள அட்டையில் பெயரின் நடு எழுத்தை ஆங்கிலத்தில் 'பி' என்று எழுதியிருந்தார்கள். கடவுச்சீட்டில் 'எஃப்'. ஊர் வீட்டுப் பத்திரத்தில் தமிழில் 'சபூராம்மாள்'. அவர்கள் மௌத்துக்குப் பின், ஊரிலுள்ள சிறு வீட்டைப் பராயிளுப்படி பாகம் பிரிக்கச் சென்றபோது, இம்மூவரும் ஒரே ஆள்தானா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள். உத்தியோகஸ்தரைக் குறை சொல்வதற்கில்லை. சத்தியப் பிரமாணம், சாட்சி, முத்திரை என்று ஒன்பது மாதம் கழிந்தது. தன் பங்கை நம்பியிருந்த என் தங்கை அந்த ஒன்பது மாதமும் சிரமப்பட்டாள்.

ஆகவே நம் சகோதரர்களுக்கு நான் பணிவுடன் சொல்லுவது இது. குழந்தைக்கு அரபிப் பெயர் வைப்பதாயிருந்தால் முதலில் அதை ஓர் ஆலிமைக் கொண்டு அரபியிலோ ஜாவியிலோ எழுதி வாங்குங்கள். பிறகு அதற்கேற்ற ஆங்கில எழுத்துக்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குச் செல்லுங்கள்; காதில் விழுந்தபடி எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, நிகாஹ் பதிவு யாவற்றிலும் ஒரே எழுத்து இருக்கட்டும். பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் பத்திரங்களை ஒத்துப் பாருங்கள். வீட்டில் பழைய அரபுத் தமிழ்க் கிதாபுகள் இருந்தால், தாள் நைந்துவிட்டதென்று அப்புறப்படுத்தும் முன் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்; உங்கள் தாயாரின் பெயர் அங்கே இருக்கலாம்.

ஏற்கெனவே ஸபூரா என்று பொறுமையின் பொருளில் பெயர் வைத்திருப்போர் கலங்க வேண்டாம். அதுவும் நல்ல பெயரே. எது நம் பெயர் என்று அறிந்திருப்பதே முக்கியம். அதைவிட முக்கியம், பெயரோடு அதன் வரலாற்றையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது.

என் மூத்த மகளை உட்காரவைத்து இந்த வரலாறு முழுவதையும் சொன்னேன். முடிவில் அவள், "அப்படியானால் தங்கச்சிக்கு அந்தப் பெயர்தான், நானே எல்லோரிடமும் சொல்லுகிறேன்" என்றாள். பிறப்புப் பத்திரத்தில் 'எஃப்' எழுத்தோடு ஸஃபூரா என்று பதிவாயிற்று. பாட்டனாரின் கிதாபில் மீதமிருந்த இடத்தில் ஹளரத்தின் கையாலேயே அரபியிலும் எழுதி வாங்கினேன். ஊரிலிருந்து கேட்டவனுக்கும் அந்தப் பெயரையே எழுதி அனுப்பினேன்.

அல்லாஹுத்தஆலா நம் பெண்மக்களுக்கு ஆளை அறியும் அறிவையும், நம் கடைகளில் வேலை செய்வோருக்கு வலிமையையும் நம்பிக்கையையும், வேலை கொடுக்கும் நமக்குப் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுக்கும் மனத்தையும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.